அடைமழைக்கு முன் வீட்டைத் தயார் செய்வோம்



வெள்ளைக்கார நாடுகளில் குளிர்காலம் வரப்போகிறது என்றால் ஒவ்வொரு குடும்பமும் முன்கூட்டியே விறகு அடுக்கும். கம்பளியை எடுத்து வெயிலில் போடும். மாவும் உப்பும் வாங்கிச் சேர்க்கும். நம் நெகிரி செம்பிலானில் பனி விழுவதில்லை. அதனால் நமக்கு அப்படிப்பட்ட காலமே கிடையாது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அக்டோபர் தொடங்கி ஏப்ரல் வரை உள்ள மாதங்கள்தான் நம் தோட்டக் குடும்பங்களுக்குக் கடுமையான காலம். முதலில் மழை வரும். பிறகு வறட்சி வரும். அதன் பின்னாலேயே கித்தா மரம் இலை கொட்டும் 'விண்டரிங்' வரும். மழையில் நோய், வறட்சியில் தண்ணீர்க் கஷ்டம், விண்டரிங்கில் பாலும் குறைவு, சம்பளமும் குறைவு.

இவை வருஷா வருஷம் வருபவைதான். இருந்தும் வருஷா வருஷம் புதிதாக வந்தது போலத் திகைத்து நிற்கிறோம். தீபாவளிக்கு எப்படியும் வீட்டை ஒட்டடை அடித்துக் கழுவப் போகிறோம். அதோடு சேர்த்துச் சில காரியங்களைச் செய்துவிட்டால் பாதி நோய் வாசற்படி ஏறாது. அந்தக் காரியங்களைத்தான் இந்த இதழில் எழுதுகிறேன்.

நான் செய்த ஒரு தவறு

முதலில் என் தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன், ஒரு மழைக்காலத்தில், நடுத்தர வயதுள்ள தொழிலாளி ஒருவர் காய்ச்சலோடு வந்தார். "ஐயா, உடம்பெல்லாம் அடிச்சுப்போட்ட மாதிரி இருக்கு. கெண்டைக்கால் தொட முடியல" என்றார். வேலைக் களைப்பு, மழையில் நனைந்த காய்ச்சல் என்று நினைத்துக் காய்ச்சல் மாத்திரையும் 2 நாள் லீவும் கொடுத்து அனுப்பினேன். வீட்டில் அவர் மனைவி எண்ணெய் காய்ச்சிக் காலில் தேய்த்துவிட்டிருக்கிறார்.

ஆறாம் நாள் அவரைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். கண் மஞ்சளாக இருந்தது. "நேத்துலருந்து ஒண்ணுக்கே சரியா போகல ஐயா" என்றார் அந்த அம்மா. அப்போதுதான் நான் கேட்டேன்: "இதுக்கு முன்னாடி எங்கயாச்சும் அழுக்குத் தண்ணியில இறங்குனீங்களா?" பத்து நாளைக்கு முன்பு, மழை வெள்ளம் வடிந்ததும், அடைத்துக்கொண்ட அல்லூரில் வெறுங்காலோடு இறங்கி மண் அள்ளியிருக்கிறார். காலில் ஏற்கெனவே சேற்றுப்புண். அது எலிக்காய்ச்சல். உடனே பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினோம். சிறுநீரகம் பாதிக்கப்பட்டு, இரத்தம் சுத்திகரிக்கும் இயந்திரத்தில் வைத்துத்தான் காப்பாற்றினார்கள். உயிர் பிழைத்தார். ஆனால் அந்த மழைக்காலம் முழுவதும் அவர் வேலைக்குப் போகவில்லை. பிள்ளைகள் அக்கம்பக்கத்தார் கொடுத்த சோற்றில் நாள் கழித்தார்கள்.

அந்த ஒரு கேள்வியை முதல் நாளே கேட்டிருந்தால் மாத்திரையோடு முடிந்திருக்கக்கூடிய வியாதி அது. கேட்காதது என் குற்றம். அன்றிலிருந்து மழைக்காலத்தில் காய்ச்சலோடு வரும் ஒவ்வொருவரிடமும் முதலில் அதைத்தான் கேட்கிறேன். நான் கேட்க மறந்தாலும், வேறு எந்த டாக்டர் கேட்க மறந்தாலும், நீங்களே முந்திக்கொண்டு சொல்லுங்கள். இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை நினைவில் வைப்பதானால் இதை வையுங்கள்.

நம் மாநிலத்தில் மழை எப்படி?

வடகிழக்குப் பருவக்காற்று நவம்பரில் தொடங்கி மார்ச் வரை அடிக்கும். கிளந்தான், திரங்கானு, பகாங் போன்ற கிழக்குக்கரை மாநிலங்களில்தான் அதன் வேகம் அதிகம். நமக்கு நடுவில் தித்திவாங்சா மலைத்தொடர் இருப்பதால் ஓரளவுக்கு மறைவு உண்டு. நமக்கு மழை அதிகம் வருவது காற்று மாறும் காலங்களில், அதாவது அக்டோபர், நவம்பரிலும் மீண்டும் ஏப்ரலிலும். மதியத்துக்கு மேல் இடி மின்னலோடு ஊற்றும். மலைக்குப் பின்னால் ஒதுங்கியிருக்கும் ஜெலுபு, தீபகற்ப மலேசியாவிலேயே மழை மிகக் குறைந்த வட்டாரம் என்று சொல்லப்படுவது.

ஆனால் "நம்ம பக்கம் வெள்ளம் வராது" என்று யாரும் மார்தட்ட வேண்டாம். 2021 டிசம்பர் 16 முதல் 18 வரை பெய்த மழையை மறந்திருக்க மாட்டீர்கள். கோலாலம்பூரில் ஒரு மாதத்து மழை ஒரே நாளில் கொட்டியது. சிலாங்கூர், பகாங், நெகிரி செம்பிலான் என்று பல மாநிலங்கள் பாதிக்கப்பட்டன. நாடு முழுவதும் 50 பேருக்கு மேல் இறந்தார்கள். அதற்கு முன் 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் நம் எல்லையை ஒட்டிய சிகாமட் மூழ்கியது. கோலப்பிலா, பஹாவ் வழியாக ஓடும் மூவார் ஆறும், சிரம்பானிலிருந்து லிங்கி நோக்கி ஓடும் லிங்கி ஆறும் நம் தோட்டங்களின் ஓரத்திலேதான் போகின்றன. ஆற்றோரம், பள்ளமான லயம், மண் மேட்டின் அடிவாரம் ஆகிய இடங்களில் குடியிருப்பவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

முதல் வேலை: கூரையும் அல்லூரும்

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பசியாறிவிட்டு வீட்டைச் சுற்றி ஒரு நடை வாருங்கள். கூரையில் ஒழுக்கு இருக்கிறதா? தாழ்வாரத் தகரத்தில் இலை அடைத்திருக்கிறதா? வீட்டுக்குப் பின்னால் அல்லூரில் தண்ணீர் ஓடுகிறதா, தேங்குகிறதா? பின்பக்க மேட்டில் மண் வெடித்திருக்கிறதா? சாய்ந்த மரம், காய்ந்த மட்டை தலைக்கு மேல் தொங்குகிறதா? உங்களால் முடிந்ததை அன்றே செய்யுங்கள். முடியாததை எழுதி அலுவலகத்தில் கொடுங்கள். வாயால் சொன்னது மழையோடு போய்விடும். காகிதத்தில் எழுதியது நிற்கும்.

அல்லூர் வெட்டுவதும் மருத்துவமே. 1901-ஆம் ஆண்டு வாக்கில் கிள்ளானிலும் போர்ட் சுவெட்டன்ஹாமிலும் மலேரியாவால் ஜனங்கள் கொத்துக் கொத்தாகச் செத்தபோது, மல்கம் வாட்சன் என்ற டாக்டர் சதுப்பை வெட்டி, தண்ணீரை வடியவிட்டுத்தான் அந்த ஊர்களைக் காப்பாற்றினார். நம் தாத்தா பாட்டி பெரட்டுக் களத்தில் வரிசையில் நின்று கசப்புக் கொயினாவை விழுங்கிய கதையைப் பலர் கேட்டிருப்பீர்கள். அந்த மலேரியா இன்று பெரும்பாலும் ஒழிந்துவிட்டது. மனிதனிடமிருந்து மனிதனுக்குப் பரவும் உள்நாட்டு மலேரியா 2018 முதல் பதிவாகவில்லை. ஆனால் குரங்கிடமிருந்து கொசு மூலம் வரும் மலேரியா இன்னும் உண்டு. ஆகவே காட்டோரத்தில் வேலை செய்பவர்கள் காய்ச்சல் வந்தால் அதையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

டிங்கி: நல்ல தண்ணீரில் வரும் எதிரி

டிங்கிக் கொசு சாக்கடையில் முட்டை போடுவதில்லை. சுத்தமாகத் தேங்கிய தண்ணீர்தான் அதற்குப் பிடிக்கும். பூச்சட்டித் தட்டு, பழைய டயர், நெகிழிப் புட்டி, தேங்காய்ச் சிரட்டை, மூடி இல்லாத தோம்பு, சாமி மேடைக் கலயம் எல்லாம் அதற்கு வீடுதான். முட்டை கொசுவாக மாற 7 முதல் 10 நாள் போதும். தண்ணீர் வற்றினாலும் முட்டை சாவதில்லை; பல மாதம் காய்ந்து கிடந்து அடுத்த மழையில் பொரிக்கும். அதனால் தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. பாத்திரத்தின் உட்பக்கத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். வாரம் ஒரு நாள், 10 நிமிடம் போதும்.

கித்தாத் தோட்டத்தில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மழையால் வெட்டு நின்ற நாட்களிலும், விண்டரிங்கில் மரத்துக்கு ஓய்வு கொடுத்த நாட்களிலும் மரத்து மங்குகளைக் கவிழ்த்து வையுங்கள். நிமிர்ந்து நிற்கும் ஒவ்வொரு மங்கும் ஒரு கொசுப் பண்ணை. தோம்பு, தொட்டிகளுக்கு அபேட் மருந்து போடலாம். 10 லிட்டர் தண்ணீருக்கு 1 கிராம் கணக்கு.

2019-இல் மட்டும் நம் நாட்டில் 1,30,101 பேருக்கு டிங்கி கண்டது. 182 பேர் இறந்தார்கள். இந்த நோயில் பலரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. மூன்று நாள் காய்ச்சல் அடிக்கும். நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ காய்ச்சல் சட்டென்று விடும். "காச்சல் விட்டுருச்சு ஐயா, இனிமே எதுக்கு ஆஸ்பத்திரி?" என்பார்கள். அந்த நேரம்தான் ஆபத்து. இரத்தக் குழாயிலிருந்து நீர் கசிந்து உடம்பு அதிர்ச்சிக்குப் போவது காய்ச்சல் விட்ட அந்த ஓரிரு நாளில்தான். கடுமையான வயிற்றுவலி, ஓயாத வாந்தி, பல் ஈறிலோ மூக்கிலோ இரத்தம், கை கால் ஜில்லிடுதல், சோர்ந்து படுத்துவிடுதல், சிறுநீர் குறைதல் ஆகியவற்றில் ஒன்று கண்டாலும் காத்திருக்க வேண்டாம், நள்ளிரவானாலும் புறப்படுங்கள்.

காய்ச்சலுக்குப் பாரசிட்டமோல் மட்டும் போதும். பெரியவர்களுக்கு 500 மில்லிகிராம் மாத்திரை 24 மணி நேரத்தில் 8-க்கு மேல் கூடாது. அஸ்பிரின், புரூபென் போன்ற வலி மாத்திரைகளைக் கடையில் வாங்கிப் போடாதீர்கள். அவை இரத்தக் கசிவை அதிகமாக்கும். பப்பாளி இலைச் சாறு குடித்தோம் என்ற தைரியத்தில் இரத்தப் பரிசோதனைக்குப் போகாமல் இருக்க வேண்டாம்.

எலிக்காய்ச்சலும் சேற்றுப்புண்ணும்

மேலே சொன்ன எலிக்காய்ச்சல் எலி, நாய், மாடு இவற்றின் மூத்திரம் கலந்த தண்ணீரிலும் சேற்றிலும் இருந்து வருகிறது. காலில் உள்ள கீறல் வழியாகவும், கண், வாய் வழியாகவும் உடம்பில் ஏறும். தண்ணீர் பட்டுப் பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் காய்ச்சல் காணும். ஒரு மாதம் கழித்தும் வரலாம். காய்ச்சல், தலைவலி, கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு இவைதான் ஆரம்பம். மஞ்சள் காணுவதும் சிறுநீர் குறைவதும் முற்றிய நிலை. 2010 டிசம்பர் முதல் இது சுகாதார இலாகாவுக்குக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோய்களில் ஒன்று. ஆரம்பத்தில் வந்தால் குணப்படுத்த மருந்து இருக்கிறது.

வெட்டுக்காடு, செம்பனைக் காடு, அல்லூர் எங்கே இறங்கினாலும் முழங்கால் பூட்ஸ் போடுங்கள். வேலையால் வந்த நோய் என்றால் சொக்சோவில் கேட்கலாமா என்று யூனியன் காரியதரிசியிடம் விசாரியுங்கள். வீட்டில் அரிசி, பருப்பு, நாய்ச் சோறு எதையும் திறந்து வைக்காதீர்கள். டின்னில் வந்த பானத்தைக் கழுவாமல் வாய் வைத்துக் குடிக்காதீர்கள்.

சேற்றுப்புண் சின்னக் காரியமல்ல, அது நோய்க்குத் திறந்துவிட்ட கதவு. வேலை முடிந்து வந்ததும் சோப்புப் போட்டுக் காலைக் கழுவி, விரல் இடுக்கெல்லாம் ஈரம் போகத் துடைக்க வேண்டும். இரண்டு ஜோடிக் காலுறை வைத்து மாற்றிப் போடுங்கள். ஈர பூட்ஸைக் கவிழ்த்துக் காயவிடுங்கள். தோல் உரிந்து அரிக்கும்போதே வந்தால் களிம்பு தருவோம். நீரிழிவு உள்ளவர்கள் தினமும் இரவில் விளக்கு வெளிச்சத்தில் பாதத்தைப் பாருங்கள். தனக்கே பார்க்க முடியாவிட்டால் பிள்ளைகளைப் பார்க்கச் சொல்லுங்கள். 2019-இல் எடுத்த தேசிய ஆய்வில் வயது வந்த மலேசியர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியரிடையே அதைவிட அதிகம். ஒரு கொப்புளத்தில் தொடங்கிக் கால் விரலை இழந்தவர்கள் நம் லயங்களில் இருக்கிறார்கள்.

குடிதண்ணீரும் வயிற்றுப்போக்கும்

மழை வெள்ளத்தில் குழாய்த் தண்ணீர் நிற்கலாம், கலங்கலாம். தண்ணீரைத் தளதளவென்று ஒரு நிமிடமாவது கொதிக்க விட்டு, மூடி வைத்து ஆற்றிக் குடிக்க வேண்டும். கலங்கலாக இருந்தால் முதலில் தெளியவிட்டுத் துணியில் வடிகட்டுங்கள். கொதிக்க வைக்க வழியில்லாத நேரத்தில், வாசனை சேர்க்காத சாதாரணக் குளோரோக்ஸ் ஒரு லிட்டருக்கு 2 சொட்டு விட்டு, கலக்கி, அரை மணி நேரம் கழித்துக் குடிக்கலாம். ஆள் ஒன்றுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் வீதம் 3 நாளுக்குத் தண்ணீர் சேர்த்து வைப்பது நல்லது.

வயிற்றுப்போக்கில் உயிர் போவது பேதியால் அல்ல, உடம்பில் தண்ணீர் வற்றுவதால். 1971-இல் வங்காளதேச அகதிகள் இலட்சக்கணக்கில் எல்லை தாண்டி வந்தபோது, போங்காவ் முகாமில் காலரா பரவியது. ஊசி வழி ஏற்றும் தண்ணீர் தீர்ந்துபோனது. திலீப் மகலநபிஸ் என்ற டாக்டர் உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரைப் பீப்பாய்களில் வைத்து, தாய்மாரையே எடுத்துக் குடிக்கக் கொடுக்கச் சொன்னார். அங்கே சாவு 100-க்கு 30 என்ற நிலையிலிருந்து 4-க்கும் கீழே இறங்கியது. அந்த மருந்து உங்கள் அடுப்படியிலேயே இருக்கிறது:

கொதித்து ஆறிய தண்ணீர் 1 லிட்டர்.
சர்க்கரை, தலைதட்டிய தேக்கரண்டியில் 6.
உப்பு, தலைதட்டிய தேக்கரண்டியில் அரை.

அளவு தப்பக் கூடாது. உப்பு கூடினால் குழந்தைக்கு ஆபத்து. கலக்கியதும் கண்ணீரைவிடக் கரிக்கிறதா என்று நாக்கில் வைத்துப் பாருங்கள். கரித்தால் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்குங்கள். ஒவ்வொரு தடவை போன பிறகும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்க வேண்டும். ஒரு நாளைக்கு மேல் வைக்க வேண்டாம். கைக்குழந்தைக்குத் தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது. "வயித்தக் காயப்போட்டா நின்னுரும்" என்று பாட்டிமார் சொல்வதை மரியாதையோடு கேட்டுக்கொள்ளுங்கள், ஆனால் செய்யாதீர்கள். கண் குழி விழுந்தாலும், அழுதால் கண்ணீர் வராவிட்டாலும், மலத்தில் இரத்தம் கண்டாலும் உடனே கிளினிக்.

இரைப்பு, பச்சைக்குழந்தை, பெரியவர்கள்

அடைமழையில் சன்னலைச் சாத்திக்கொண்டு ஈரத்துணியை வீட்டுக்குள்ளேயே காயப்போடுகிறோம். கொசுவர்த்தி, சாம்பிராணி, சுருட்டு எல்லாம் அந்த ஒரே அறைக்குள். இரைப்புக்காரர்களுக்கும் குழந்தைகளுக்கும் மூச்சு முட்டாமல் என்ன செய்யும்? பிள்ளை பெற்ற வீட்டில் கரியடுப்பை மூட்டிக் கதவைச் சாத்துவது மிக ஆபத்து. கரிப்புகையில் நிறமும் மணமும் இல்லாத ஒரு நஞ்சு இருக்கிறது. தூக்கத்திலேயே உயிரைக் கொண்டுபோகும். மின்சாரம் இல்லாத இரவில் ஜெனரேட்டரை வீட்டுக்குள்ளோ தாழ்வாரத்திலோ ஓட்டுவதும் அதே ஆபத்துதான். தாய்க்கும் சேய்க்கும் சூடு வேண்டுமானால் உலர்ந்த துணியும் போர்வையும் போதும். சன்னல் கொஞ்சமாவது திறந்திருக்க வேண்டும்.

இரைப்பு, நீரிழிவு, இரத்த அழுத்தம், இருதய நோய் உள்ளவர்கள் அக்டோபர் மாதத்திலேயே மருந்து இருப்பைப் பாருங்கள். இரண்டு வாரத்துக்காவது கையிருப்பு வேண்டும். இன்சுலின் வைத்திருப்பவர்கள் மின்சாரம் போனால் பதற வேண்டாம். ஈரத்துணி சுற்றிய மண்சட்டிக்குள், உறையில் போட்டு, நிழலில் வைத்தால் சில நாள் தாங்கும். பனிக்கட்டியில் மட்டும் நேராக வைக்காதீர்கள். உறைந்த இன்சுலின் வீண். கர்ப்பிணிகளில் 8, 9 மாதத்தினர், பாதை வெள்ளத்தில் அடைபடும் இடமாக இருந்தால் முன்கூட்டியே பட்டணத்துச் சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்விடுவது நல்லது.

வெள்ளம் வந்தால்

ஒரு பை தயாராக இருக்கட்டும். கெட்டியான நெகிழிப் பையில் ஐ.சி., பிறப்புப் பத்திரம், திருமணப் பத்திரம், இ.பி.எப்., சொக்சோ காகிதங்கள், கிளினிக் கார்டு இவற்றை வைத்துக் கட்டி உயரத்தில் வையுங்கள். பிறப்புப் பத்திரம் இல்லாமல் பள்ளிக்கும் வேலைக்கும் அலைந்த பிள்ளைகளின் கதை நமக்குத் தெரியாததல்ல. இருக்கிற பத்திரத்தையும் தண்ணீரில் விட வேண்டாம். அதோடு மருந்து, கைவிளக்கு, குழந்தைக்கு மாற்றுத்துணி, பிஸ்கட்.

தண்ணீர் ஏறுகிறது என்றால் கால் நனைவதற்கு முன்பே மெயின் சுவிட்சை அணையுங்கள். நனைந்த பிறகு அதைத் தொடாதீர்கள். மின்சாரக் கம்பி அறுந்தால் 15454 எண்ணுக்கும், உயிராபத்து என்றால் 999-க்கும் போன் செய்யுங்கள். ஓடும் தண்ணீரில் நடக்காதீர்கள். முழங்கால் அளவு வெள்ளம் ஆளைச் சாய்த்துவிடும். "நான் எத்தனை வருஷமா இந்தப் பாலத்துல போறேன்" என்று மோட்டார் சைக்கிளை விட்டவர்களும் உண்டு. ஆழம் தெரியாமல் காலை விடக் கூடாது என்று நம் முன்னோர் சொன்னது இதற்குத்தான்.

வெள்ளத்தில் பாம்பும் மேட்டைத் தேடும். விறகு அடுக்கு, கோழிக்கூடு, பூட்ஸ் இவற்றில் கை கால் விடுவதற்கு முன் தட்டிப் பாருங்கள். கடித்துவிட்டால் கயிறு இறுக்கிக் கட்டாதீர்கள், கீறாதீர்கள், வாயால் உறிஞ்சாதீர்கள். கடித்த உறுப்பை அசைக்காமல் வைத்து, மோதிரம் வளையலைக் கழற்றி, ஆளைத் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்குப் போங்கள். நாகம் கண்ணில் விஷத்தைத் துப்பினால் நிறையத் தண்ணீர் விட்டுக் கண்ணைக் கழுவிக்கொண்டே வாருங்கள். மந்திரிக்க வேண்டுமென்றால் மருந்து ஏறிய பிறகு மந்திரித்துக்கொள்ளலாம்.

இடி இடிக்கும்போது மரத்தடியில் நிற்காதீர்கள். குலை வெட்டும் தோழர்கள் அலுமினியக் கம்பை உடனே படுக்க வைத்துவிட்டுக் கட்டடத்துக்கோ வண்டிக்குள்ளோ போய்விட வேண்டும். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்துத்தான் திரும்ப வேண்டும். மழையில்லாத நாளிலும் மின்கம்பிக்குப் பக்கத்தில் அந்தக் கம்பை நிமிர்த்துவது உயிரோடு விளையாடுவதாகும்.

வறட்சியும் விண்டரிங்கும்

மழை ஓய்ந்ததும் ஜனவரி, பிப்ரவரியில் வானம் வெளுத்துவிடும். 2014 பிப்ரவரியில் நம் மாநிலத்தில் தண்ணீர் நெருக்கடியே அறிவித்தார்கள். அப்போது எல்லாரும் தோம்பு, வாளி என்று நிரப்பி வைப்போம். மூடி போடாவிட்டால் அது மீண்டும் டிங்கிக் கொசுவுக்குத்தான் உதவும். அதே நேரத்தில் கித்தா மரம் இலை சிவந்து கொட்டும். புதுத் தளிர் விட்டு மரம் தேறும் வரை பால் குறைவு.

பணக் கணக்கு எழுத எனக்கு என்ன உரிமை என்று கேட்கலாம். மார்ச் மாதத்தில் டிஸ்பென்சரிக்கு வரும் பிள்ளைகளின் எடையைப் பார்த்தால் எனக்குத் தெரிந்துவிடும், எந்த வீட்டில் சம்பளம் குறைந்தது என்று. சோறும் சோயாவுமாகச் சாப்பிட்ட பிள்ளைக்குச் சளியும் போகாது, புண்ணும் ஆறாது. தீபாவளிக்கு வட்டிக்குக் கடன் வாங்கினால், அதை அடைக்க வேண்டிய மாதங்கள் இந்த மழை மாதமும் விண்டரிங் மாதமும்தான். ஆலோங் வாசலில் வந்து நின்றபின் இரத்த அழுத்தத்துக்கு நான் எத்தனை மாத்திரை கொடுத்தும் பயனில்லை.

ஆகவே வெட்டு நன்றாக நடக்கும் மாதங்களிலேயே ஒவ்வொரு சம்பளத்திலும் ஒரு மூட்டைச் சாமான் கூடுதலாக வாங்கி வையுங்கள்: அரிசி, பருப்பு, பயறு, நெத்திலி, சர்க்கரை, உப்பு. எலி புகாத டின்னில் போடுங்கள். வீட்டோரம் முருங்கை ஒன்று, பசலைக்கொடி ஒன்று, மரவள்ளி நாலு குச்சி ஊன்றுங்கள். முருங்கைக்கீரையும் நெத்திலியும் பருப்பும் சேர்ந்த சாப்பாட்டுக்கு எந்த டானிக்கும் ஈடல்ல.

யூனியன் செய்ய வேண்டியது

வீட்டுக்குள் நாம் செய்வது பாதி. மறுபாதி நிர்வாகத்தின் பொறுப்பு. 1990-ஆம் ஆண்டுத் தொழிலாளர் வீட்டு வசதிச் சட்டம், அதாவது 446-ஆம் சட்டம், குடியிருப்பு, குடிதண்ணீர், கால்வாய் வசதி இவற்றில் முதலாளி செய்ய வேண்டிய குறைந்தபட்சக் கடமைகளைச் சொல்கிறது. இதைப் பிச்சையாக நினைத்துக் கூச வேண்டாம். ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் அக்டோபர் முதல் வாரத்தில் மானேஜரோடும் எச்.ஏ.வோடும் சேர்ந்து லயத்தைச் சுற்றிப் பார்த்து, ஒழுகும் கூரை, அடைத்த அல்லூர், ஆபத்தான மரம், வெள்ளத்தில் ஒதுங்கும் இடம் என்று பட்டியல் போட வேண்டும். தேதி போட்டுக் கையெழுத்து வாங்குங்கள். செய்யாவிட்டால் தொழிலாளர் இலாகா இருக்கிறது.

லயத்துக்கு லயம் தனியாக இருக்கும் முதியோர், நடக்க முடியாதவர், கைக்குழந்தைத் தாய் யார் யார் என்று எழுதி, ஒவ்வொருவருக்கும் இரண்டு இளைஞரைப் பொறுப்பாக்குங்கள். தண்ணீர் ஏறும் இரவில் யார் யாரைத் தூக்குவது என்று அப்போது யோசிக்கக் கூடாது. இந்தோனேசியா, வங்காளதேசம், நேப்பாளத்திலிருந்து வந்து நம்மோடு வேலை செய்பவர்களுக்கும் இதையெல்லாம் சொல்லிக்கொடுங்கள். கொசு பாஸ்போர்ட்டைக் கேட்டுக் கடிப்பதில்லை.

தோட்டத்து ஆஸ்பத்திரிகள் பல மூடப்பட்டுவிட்ட காலம் இது. பக்கத்தில் டிஸ்பென்சரி இல்லையென்றால் அரசாங்கக் கிளினிக் எங்கே, எத்தனை மணி வரை, போக வண்டி யாரிடம் என்று இப்போதே விசாரித்து வையுங்கள். சிரம்பானில் துவாங்கு ஜாபார் மருத்துவமனை, கோலப்பிலாவில் துவாங்கு அம்பூவான் நஜிஹா மருத்துவமனை, போர்ட்டிக்சன், தம்பின், ஜெம்போல், ஜெலுபு ஆகிய இடங்களிலும் அரசாங்க மருத்துவமனைகள் உண்டு. உங்களுக்கு எது கிட்டே என்பதை வீட்டுச் சுவரில் எழுதி ஒட்டுங்கள்.

தீபாவளிக்கு வீடு கழுவும் நாளில் இந்த இதழையும் எடுத்து ஒரு தடவை படித்துப் பாருங்கள். படிக்கத் தெரியாத பெரியவர்களுக்குப் பிள்ளைகள் வாசித்துக் காட்டட்டும். மழையில் நனைந்து காய்ச்சலோடு யாரிடம் வைத்தியத்துக்குப் போனாலும் வாய் திறந்து சொல்லுங்கள்: "ஐயா, நான் தண்ணியில இறங்குனேன்." அந்த ஒரு வார்த்தை உங்களைக் காப்பாற்றும், எங்களையும் தவறு செய்யாமல் காப்பாற்றும்.